வழியனுப்பும் காட்சி

திரையில் பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருக்கும். குதிரைப்படை மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும். தளபதி தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து எதிரியின் வரிசையை அளந்துகொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா கேட்பார்:

"அவன் பொண்டாட்டி எங்க தம்பி இப்ப?"

"ஊர்ல இருப்பாங்க அக்கா."

"ஊர்லன்னா? இன்னா பண்ணிகினு இருக்குது?"

"அதெல்லாம் படத்துல காட்டல."

"காட்டலன்னா ஒண்ணும் பண்ணலன்னு அர்த்தமா?"

பக்கத்து நாற்காலியில் அவர் கணவர் சிரிப்பார். "நீ போய்த்தான் கேட்டுட்டு வாயேன்" என்பார். அதற்குள் குதிரைப்படை மோதி முடிந்திருக்கும்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், அவர்கள் வீட்டு மாடியில் நான் பல வருடம் குடியிருந்தேன். எங்கள் ஊர் தனி மாவட்டம் ஆகாமல் விழுப்புரத்தோடு சேர்ந்திருந்த காலம். கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளை கல்யாணமாகி வெளியூரோடு போய்விட, வீட்டில் அவர்கள் இருவர்தான். தெருவில் அவருக்கு மிலிட்டரிக்காரர் என்று பெயர். அதனால் அக்கா மிலிட்டரிக்காரம்மா. பால்காரர் முதல் கரண்ட் பில் எடுக்க வருபவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரைத் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு யுத்த வரலாறு படிப்பதில் பைத்தியம். தளபதிகளின் வாழ்க்கையை அந்தக் காலத்து ஹாலிவுட்காரர்கள் எடுத்த படங்களை டிவிடியில் சேர்த்து வைத்திருந்தேன். மிலிட்டரிக்காரர் அவற்றில் சிலவற்றை ராணுவ முகாம்களில், மைதானத்தில் துணி கட்டிப் போட்டபோது பார்த்திருந்தார். என் அலமாரியில் அவை இருப்பது தெரிந்த நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழ்வீட்டில் படம் என்று ஆகிவிட்டது.

மூன்று பேரும் மூன்று விதமாகப் பார்ப்போம். நான் தவறுகளைப் பார்ப்பேன். அவர் படத்தைப் பார்ப்பார். அக்கா, படத்தில் இல்லாதவர்களைப் பார்ப்பார்.

தவறுகளுக்குப் பஞ்சமே கிடையாது. இரண்டாம் உலகப் போர் நடக்கிற படத்தில், அந்தப் போர் முடிந்த பிறகு செய்த டாங்கிகள் எதிரியின் சின்னத்தை ஒட்டிக்கொண்டு ஓடும். ஆப்பிரிக்கா, இத்தாலி, பிரான்ஸ் என்று எல்லாத் தேசத்து மலைகளும் ஸ்பெயினிலோ கலிபோர்னியாவிலோ இருக்கும். மெல்லிய கீச்சுக் குரல் கொண்ட தளபதி திரையில் சிங்கம்போல உறுமுவார். தோற்ற சண்டை ஒன்று கதையிலிருந்து காணாமல் போயிருக்கும். டாங்கியையும் சிப்பாய்களையும் கடன் கொடுத்த ராணுவமே, கதையையும் முன்கூட்டி வாங்கிப் படித்துப் பார்த்திருக்கும். இதையெல்லாம் நான் படத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்வேன்.

"போர் முடிஞ்சப்புறம் செஞ்ச டாங்கியா?" என்பார் மிலிட்டரிக்காரர். "பரவால்ல சார், நல்லா ஓடுது பாருங்க. நம்ம வண்டிங்க இப்டி ஓடியிருந்தா ஒரு மாசத்துக்கு முன்னியே வூட்டுக்கு வந்திருப்பன்."

அவர் 1971 டிசம்பரில் கிழக்கு வங்கத்துக்குள் போன படையில் இருந்தவர். எத்தனையோ தடவை கேட்டும் அதைப் பற்றி அவரிடம் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான். "யுத்தம்னா இன்னா சார்? சேத்துல மாட்டுன லாரிய தள்றது." நான் நதிகளின் பெயரைச் சொல்லி, எந்தப் பக்கமாகப் போனீர்கள் என்று வரைபடத்தை விரிப்பேன். "சேறு இருந்த பக்கமா" என்பார்.

அக்காவுக்கு டாங்கி எந்த வருடத்தது என்பதில் அக்கறை இல்லை. அவர் கவனம் தளபதிகளின் மனைவிகள்மேல் இருந்தது. ஒரு படத்தில் மனைவி முதல் அரைமணியில் பெட்டி அடுக்கிக் கொடுத்துவிட்டு, கடைசியில் நரைத்த தலையோடு வந்தாள். "அதுவரைக்கும் அந்தம்மா அதே சேர்லயே உக்காந்துகினு இருந்துச்சா? ஒரு காப்பி கூட குடிக்கலியா?" என்றார். இன்னொரு படத்தில் இளம் அதிகாரியை நடன விருந்தில் ஒருத்தி பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்த வருடத்தில் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை, அப்படி ஒருத்தி இருந்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன். "அப்ப யாரு இது, சும்மா வந்து நிக்கறது? போ சொல்லுங்க" என்றார் கோபமாக. இல்லாத மனைவியைக் கொண்டுவந்து வைப்பதும், இருந்த மனைவியை விட்டுவிடுவதும் அவருக்கு ஒரே குற்றம்.

ஒன்று மட்டும் எனக்கு அப்போது புரியவில்லை. எந்தப் படமானாலும் வழியனுப்பும் காட்சி உண்டு. ரயில் நிலையம், புகை, சீருடை, கைக்குட்டை. மனைவிகளைத் தேடிக்கொண்டே இருக்கிறவர், மனைவி நிஜமாகவே வருகிற அந்த ஒரு காட்சியில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். டீ போட என்று நினைத்தேன். பல தடவை டீ வந்ததில்லை. மிலிட்டரிக்காரர் அந்த நேரத்தில் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுவார்.

சர்க்கரை வியாதியில் முதலில் மிலிட்டரிக்காரருடைய கால்விரல் போயிற்று. பிறகு சிறுநீரகம். படுக்கையில் கிடந்தபோதும் ஞாயிற்றுக்கிழமை படம் நின்றதில்லை. அவர் போன பிறகு நான் கீழே போகக் கூச்சப்பட்டுக்கொண்டு மாடியிலேயே இருந்தேன். ஒரு மாதம் கழித்து அக்காவே படியேறி வந்தார்.

"இன்னா தம்பி, அவுருக்கு மட்டுந்தான் படமா? எனக்கு இல்லியா?"

மறுபடியும் படங்கள் ஓடின. காலி நாற்காலியை அக்கா எடுத்துவைக்கவில்லை. சத்தத்தைக் கம்மி பண்ண இப்போது ஆள் இல்லாததால், வழியனுப்பும் காட்சி வந்தால் நான் செய்தேன்.

மிலிட்டரிக்காரருடைய தம்பி மகன் கல்யாண வீடியோ எடுப்பவன். நல்ல பையன், அலுப்பில்லாத உழைப்பாளி. உளுந்தூர்பேட்டையிலிருந்து சங்கராபுரம் வரை முகூர்த்த நாளில் அவன் டிரோன் பறக்காத மண்டபம் இல்லை. டிசம்பரில் முன்னாள் ராணுவத்தினர் கூடுகிற விழாவில், பெரியப்பாவைப் பற்றி ஒரு குறும்படம் போடுவதாக ஒப்புக்கொண்டு வந்தான். "சார், நீங்கதான் வரலாறு எழுதித் தரணும்" என்றான். வங்கப் போரைப் பற்றித் தேதி வாரியாக எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, "சூப்பர் சார்" என்றான். அதில் ஒரு வரியை எடுத்துக்கொண்டான். அது வருடம்.

போர்க் காட்சியை எங்கே எடுக்கப்போகிறாய் என்று கேட்டேன்.

"கல்வராயன் மலை சார். வெள்ளிமலை போற வழியில செம லொக்கேஷன்."

"அவர் போனது சமவெளி. அங்கே மலையே கிடையாது. வயலும் ஆறும்தான்."

"சார், மலைய பக்கத்துல வெச்சுகினு வயல்ல போர் எடுத்தா யாரு சார் பாப்பா? நடவு படம்னு நெனப்பாங்க."

ஸ்பெயின் மலைகளை ஆப்பிரிக்காவாக்கியவர்களும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது.

வேனில் மலைக்குப் போனோம். அக்காவும் வந்தார். பெரியப்பாவாக நடிக்க, செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஒரு வாலிபனைப் பிடித்திருந்தான். உயரம், மீசை, அமைதியான முகம். வாடகைச் சீருடையில் தோள் கொஞ்சம் தொங்கியது. போர்ப்புகைக்கு, கல்யாண மேடையில் மாலை மாற்றும்போது விடுகிற புகை மெஷின் வந்திருந்தது. மெஷின் ஓடியது, டிரோன் பறந்தது, வாலிபன் மரத்துப்பாக்கியோடு பாறைக்குப் பாறை தாவினான். தலையில் விறகுக் கட்டோடு வந்த ஒரு மலைக்காரர் நின்று பார்த்தார்.

"யாரு வூட்டுக் கல்யாணம்? பொண்ணு எங்க?"

அக்கா பாறைமேல் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவுரு மலையே ஏறுனதில்ல தம்பி. தான் ஓட்னாத்தான் வண்டி. அடுத்தவங்க ஓட்னா வாந்தி வந்துடும். கோமுகி அணைய தாண்டி ஒரு தபா கூட வந்ததில்ல." பேரப்பிள்ளைகளின் விளையாட்டைப் பார்ப்பதுபோல அந்தப் போரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எடுக்கட்டும், எடுக்கட்டும். ஆசையா எடுக்கறான்" என்று என்னையும் அடக்கினார்.

இறங்கி வரும்போது கச்சிராயபாளையத்தில், கோமுகி அணைக்குக் கீழே டீ குடிக்க நின்றோம். நடவுக்குத் தண்ணீர் கட்டிய நேரம். சாலைக்கு இரண்டு பக்கமும் வானம் கிடந்தது. அக்கா டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இப்டித்தான் இருந்துச்சாம் அங்க. ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல ரோடு. 'உங்க ஊர்லதான் சண்ட போட்ட மாதிரி இருந்துச்சு'ன்னு ஒரு தபா சொன்னாரு."

அக்கா பிறந்த ஊர் கச்சிராயபாளையம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவருடைய அப்பா வீடு.

தம்பி மகன் மறுநாள் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். "நாளைக்கி பஸ் ஸ்டாப்பு பெரிம்மா. தந்தி வருது, லீவு கேன்சலு, பெரிப்பா கெளம்பறாரு. நீங்க ஆரத்தி எடுத்து பொட்டு வெச்சு அனுப்பறீங்க. கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா வுழல. ஸ்லோ மோஷன். மணப்பொண்ணு மேக்கப் போடற பொண்ணையே வர சொல்லியிருக்கறன், நல்லா நடிக்கும்."

"அது வாணாம்பா" என்றார் அக்கா.

"ஏன் பெரிம்மா? வேற பொண்ணு பாக்கட்டுமா?"

"நா பொட்டு வெக்கல. நா அங்க இல்ல."

அக்கா கிளாசை டீக்கடைக்காரரிடம் நீட்டினார். பிறகு, வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினார்.

"இங்க இருந்தன். எங்கப்பாரு வூட்ல. லீவுல வந்தவரு, பட்டாளத்துல இன்னும் வருசம் சேத்து கையெழுத்துப் போட்டுட்டேன்னு சோத்துல கைய வெச்சுகினே சொல்றாரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம், கொழந்தய தூக்கிகினு பஸ் ஏறிட்டன். ரெண்டு நாள்ல தந்தி. சேதி எனக்கும் ஆள் வந்து சொல்லிட்டான். பஸ் இருந்துச்சு. எங்கம்மா பொடவ கூட எடுத்து வெச்சிட்டாங்க. நா போவல. வந்து கூப்டட்டும்னு உக்காந்துகினு இருந்தன். இங்க வந்துட்டுப் போனா விழுப்புரத்துல ரயிலு போயிடும். அது எனக்கும் தெரியும்."

தம்பி மகன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"பஸ் ஸ்டாண்டுல சைக்கிள் கட வெச்சிருந்தவரு அப்புறம் எங்கப்பாருகிட்ட சொன்னாராம். மாப்ள பெட்டிய வெச்சுகினு நின்னாரு, ஒரு பஸ்ஸ விட்டுட்டாரு, இந்த ரோட்டயே பாத்துகினு இருந்தாரு, அப்பால அடுத்த பஸ்ல ஏறிட்டாருன்னு. மறு வருசம் வெயில் காலத்துல திரும்பி வந்தாரு. 'இன்னா, எளச்சிட்ட'ன்னாரு. அவ்ளோதான். சாவற வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. நானும் சொல்லல."

சமையலறையும், கம்மியாகிற சத்தமும் எனக்கு அந்த டீக்கடையில்தான் விளங்கின.

"சரி பெரிம்மா" என்றான் தம்பி மகன் மெதுவாக. "அந்த சீனே வாணாம். தந்தி வருது, கட் பண்ணி நேரா போருக்குப் போயிடறன். யாருக்கும் தெரியாது."

"எடுக்காம வுடக் கூடாது. அவுரு நின்னாரு இல்ல? அத எடு."

"தனியா நின்னா, பொண்டாட்டி ஏன் வரலன்னு எல்லாரும் கேப்பாங்களே. ஊரே வந்து உக்காந்திருக்கும். நாளைக்கி உங்களத்தான பேசுவாங்க?"

வருடக்கணக்காகத் துல்லியத்துக்காக வாதாடியவன் நான். அந்த நேரத்தில் எனக்கும் அந்தக் காட்சியை விட்டுவிட்டால் நல்லது என்றுதான் இருந்தது. "படம்தானே அக்கா" என்றேன்.

"நீங்களா தம்பி சொல்றீங்க?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"மலையில வெச்சு சுட்ட. இன்னா வேணா சுட்டுக்கோ, அவுரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா வூட்ல ஒருத்தி கோவமா இருக்கறா, திரும்பி வந்தா மூஞ்சிய பாத்துப் பேசுவாளா மாட்டாளா, திரும்பி வருவமா மாட்டமா, ஒண்ணும் தெரியாம ஒரு மனுசன் பஸ் ஏறிப் போனாரு பாரு. அதான் அவுரு பண்ணது. அங்க போய் எங்கையில ஆரத்தித் தட்ட குடுத்துட்டா, அவுருக்கு இன்னாடா மிச்சம்?"

திரும்பும் வழியில் கள்ளக்குறிச்சி நெருங்கும்போது தம்பி மகன் செல்போனை எடுத்து, மேக்கப் போடும் பெண்ணை வர வேண்டாம் என்றான்.

படம் டிசம்பரில் கல்யாண மண்டபத்தில் ஓடியது. மலைப்போருக்குக் கைதட்டல் கூரையைத் தொட்டது. பஸ் நிறுத்தம் வந்தபோது மண்டபம் அமைதியாகிவிட்டது. பாட்டு கூட வைக்காமல் விட்டிருந்தான். எங்கள் பின்வரிசையில் ஒரு பெண் அடக்கமில்லாத குரலில், "இவ எங்கடி போனா? புருசன் யுத்தத்துக்குப் போறான், வந்து நிக்க வாணாமா?" என்றாள். இன்னொருத்தி உச்சுக் கொட்டினாள். அந்தப் பேச்சு கொஞ்ச நாள் தெருவிலும் இருந்தது. மிலிட்டரிக்காரம்மா என்று கூப்பிடும்போது சிலர் குரலில் ஒரு வளைவு வந்தது. அக்கா பால் வாங்கினார், கோலம் போட்டார், வளைவு கேட்காததுபோலவே பதில் சொன்னார். நான் இடம் மாறிப் போன பின் இரண்டு வருடத்தில் அவர் காலமானார். எனக்குத் தகவல் தாமதமாகத்தான் வந்தது.

ஆனால் எனக்கு நினைவில் இருப்பது மண்டபமோ தெருவோ அல்ல. படம்பிடித்த அந்த மறுநாள் காலை.

ஊருக்கு வெளியே, கூட்டமில்லாத ஒரு நிறுத்தத்தில் எடுத்தார்கள். 1971இல் இந்தப் பக்கம் ஓடியவை பெரும்பாலும் தனியார் பஸ்கள், இப்போதைய அரசு பஸ் அப்போது ஏது என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். வாலிபன் சீருடையில், தகரப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். அக்கா சாலைக்கு எதிர்ப்புறம், புளியமரத்தடியில், ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

முதல் பஸ் வந்து நின்றது. வாலிபன் ஏறவில்லை. விசில் ஊதி பஸ் போயிற்று. அவன் மேற்கே, கச்சிராயபாளையம் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நடிக்கத் தெரியாதவன் என்பதால் முகத்தில் ஒன்றும் செய்யாமல் வெறுமனே பார்த்தான். அதுவே சரியாக இருந்தது.

கேமராவை விட்டுவிட்டுத் தம்பி மகன் ஓடி வந்தான். "பெரிம்மா, அடுத்த பஸ் வர்றதுக்குள்ள நீங்க ஒரு தபா கிட்ட போய் நில்லுங்க. சும்மா. படத்துல போட மாட்டேன். யாருக்கும் காட்ட மாட்டேன். உங்களுக்காக எடுத்து வெச்சுக்கறன்." அவன் கண் கலங்கியிருந்தது.

அக்கா அவன் கன்னத்தைத் தொட்டார். "வாணாம் ராஜா. அன்னிக்கி போவல."

இரண்டாவது பஸ் வந்தது. வாலிபன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். பஸ் கிழக்கே போய், வளைவில் மறைந்து, சத்தமும் அடங்கும்வரை அக்கா அசையவில்லை. தம்பி மகன் "கட்" சொல்ல மறந்துபோயிருந்தான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வாலிபன் வியர்வையோடு திரும்பி வந்தான். "சரியா ஏறுனனா ஆயா?" என்று கேட்டான்.

அக்கா அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். அவனை மரத்தடிக்குக் கூட்டிப்போய், பெட்டியின்மேல் உட்காரவைத்தார். துணிப்பையைப் பிரித்தார். வாழையிலையில் கட்டி, சணல் சுற்றிய புளிச்சோறு. மேலே வேர்க்கடலைத் துவையல். இரண்டு நாள் ரயிலில் போனாலும் கெடாத மாதிரி, எண்ணெய் ஜாஸ்தியாக விட்டுக் கிளறியிருந்தார்.

"எதுக்கு ஆயா இவ்ளோ?"

"சாப்புடு."

தலை தாழ்த்திச் சாப்பிட ஆரம்பித்தான். பசி போல. அக்கா அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து, கை போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

"பெரிம்மா, வெளிச்சம் ஏறிடும்" என்று எதிர்ப்புறத்திலிருந்து தம்பி மகன் கூப்பிட்டான். "அதோ பஸ்ஸு வருது. இன்னொரு டேக் போயிடலாம்."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"பஸ்ஸு வரட்டும், போவட்டும். அவன் சாப்புட்டு முடிக்கட்டும்."